பார்வைக்கு ஒன்று, முகவரி வேறு: ஒத்த உருவ டொமைன்களை உலாவி எப்படிக் கண்டுகொள்கிறது

2017 ஏப்ரலில் ஷுடோங் செங் என்ற ஆய்வாளர் ஒரு முகவரியை வெளியிட்டார். அப்போதைய குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ அதைத் திறந்தால், முகவரிப் பட்டியில் ஆப்பிள் நிறுவனத்தின் டாட் காம் முகவரி எழுத்து பிசகாமல் தெரிந்தது. பூட்டுச் சின்னமும் இருந்தது. ஆனால் அந்த ஐந்து எழுத்துகளில் ஒன்றுகூட லத்தீன் இல்லை. எல்லாமே ரஷ்யம் போன்ற மொழிகளை எழுதும் சிரிலிக். உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோட் பட்டியலில் அவை: யு+0430, யு+0440 இரண்டு முறை, யு+04சிஎஃப், யு+0435. நான்காவதாக வருவது காக்கேசிய மொழிகளை எழுதப் பயன்படும் ‘பலோச்கா’ என்ற எழுத்து. பல எழுத்துருக்களில் அதையும் லத்தீன் சிறிய ‘எல்’லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் பிரித்தறிய முடியாது.

கண்ணை இன்னும் கூர்மையாக்கிக்கொண்டால் இதிலிருந்து தப்பலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திரையில் விழும் புள்ளிகளே ஒன்றாக இருக்கும்போது கண்ணுக்கு அங்கே வேலையில்லை. உலாவிதான் ஏதாவது செய்ய வேண்டும். உலாவியாலும் ஒரு பெயர் நேர்மையானதா, போலியா என்று சொல்லிவிட முடியாது. அதன் கையில் இருப்பது ஒரே ஒரு முடிவு: பெயரை அதன் சொந்த எழுத்தில் காட்டுவதா, குறியீட்டு வடிவில் காட்டுவதா. அந்த முடிவை எடுக்கும் விதிகள் இருபது ஆண்டுகளாக வளர்ந்தவை. அவை பெரும்பாலும் ஒரு கேள்வியைச் சுற்றியே கட்டப்பட்டவை: ‘இது லத்தீன் எழுத்துப் பெயர் ஒன்றைப் போலத் தெரிகிறதா?’ தமிழில் டொமைன் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் அந்தக் குறியீட்டு வடிவம். டொமைன் பெயரைச் சர்வரின் எண் முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் அமைப்பில் பெயர்கள் நடைமுறையில் 26 ஆங்கில எழுத்துகள், 10 இலக்கங்கள், ஒரு சிறுகோடு, இவ்வளவில் அடங்கியவை. மற்ற எழுத்துகளைக் கொண்டுவர 2003 மார்ச்சில் ஐடிஎன்ஏ என்ற நெறிமுறை, இணையத் தரங்களை எழுதிவைக்கும் ஆர்எஃப்சி 3490, 3491, 3492 என்ற ஆவணங்களாக வந்தது. 2010இல் 5890 முதல் 5894 வரையான ஆவணங்கள் அதைப் புதுப்பித்தன. இதன்படி டிஎன்எஸ்ஸைத் தொடாமல் உலாவியே மொழிமாற்றும் வேலையைச் செய்கிறது. நாம் உள்ளிடும் யூனிகோட் பெயரை, புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியாக எடுத்து, ‘பியூனிகோட்’ என்ற முறையில் வெறும் ஆஸ்கி எழுத்துகளாக (ஆங்கில எழுத்து, இலக்கம், சிறுகோடு) மாற்றி அனுப்புகிறது. மாற்றப்பட்ட பகுதி ஒவ்வொன்றும் ‘எக்ஸ்என்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளுடனும் இரண்டு சிறுகோடுகளுடனும் தொடங்கும். அடுத்து, பெயரில் ஆஸ்கி எழுத்துகள் இருந்தால் அவை அப்படியே வரும். கடைசியில் மற்ற எழுத்துகள் எவை, எந்த இடத்தில் செருகப்பட வேண்டும் என்ற கணக்கு எழுத்தும் இலக்கமுமாக வரும்.

ஒரு பகுதிக்கு 63 எழுத்து என்ற டிஎன்எஸ் வரம்பு இந்தக் குறியீட்டு வடிவத்துக்குத்தான் பொருந்தும். தமிழில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியெண்கள் என்பதால் கணக்கு சீக்கிரம் கூடிவிடும். ‘சிங்கப்பூர்’ என்ற மேல்நிலை டொமைன் (டாட் காம் போல முகவரியின் கடைசிப் பகுதி) கண்ணுக்கு ஆறு எழுத்து, யூனிகோடில் 11 குறியெண், குறியீட்டு வடிவில் 22 எழுத்து.

சர்வர், சான்றிதழ், குக்கி, கடவுச்சொல் நிர்வாகி எல்லாம் பார்ப்பது இந்தக் குறியீட்டு வடிவத்தை. யூனிகோட் வடிவத்தைப் பார்ப்பது மனிதன் மட்டும். போலி நுழைவதும் அங்கேதான். செங்கின் முகவரிக்குப் பூட்டுச் சின்னத்தைத் தரும் சான்றிதழ் கிடைத்ததில் முறைகேடு எதுவும் இல்லை. டொமைன் சரிபார்ப்புச் சான்றிதழ் உறுதிசெய்வது ‘இந்தப் பெயர் இவர் கட்டுப்பாட்டில் இருக்கிறது’ என்பதை மட்டுமே. அவர் கட்டுப்பாட்டில்தான் அது இருந்தது. பூட்டுச் சின்னத்தை ‘நம்பகமான தளம்’ என்று மக்கள் படித்தார்கள். குரோம் 2023இல் 117ஆம் பதிப்பில் அந்தச் சின்னத்தை எடுத்ததற்கு இந்தத் தவறான வாசிப்பே காரணம். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

ஆபத்து புதிதாகத் தெரியவந்ததல்ல. எவ்கெனி கேப்ரிலோவிச், அலெக்ஸ் கான்ட்மாகர் இருவரும் 2002இலேயே இதை ஆய்வுக் குறிப்பாக எழுதினார்கள். 2005 பிப்ரவரியில் வேறு சிலர் பேபால் பெயரின் இரண்டாவது எழுத்தை மட்டும் சிரிலிக் ‘அ’வாக மாற்றி ஒரு மாநாட்டில் செய்துகாட்டினார்கள். ஐடிஎன், அதாவது ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் அமைந்த டொமைன் பெயர், இதற்கு ஆதரவு இருந்த உலாவிகள் அதில் விழுந்தன. அன்றைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் தப்பித்தது, அதற்கு ஐடிஎன்னே தெரியாது என்பதால்.

அதன்பிறகு ஒவ்வோர் உலாவியும் ஒவ்வொரு வழியில் போனது. மொசில்லா மேல்நிலை டொமைன்களுக்கு ஓர் அனுமதிப் பட்டியல் வைத்தது: போலிகளைத் தடுக்கும் விதி இருப்பதாகக் காட்டிய பதிவகங்கள், அதாவது மேல்நிலை டொமைனின் பெயர்ப்பதிவை நடத்தும் அமைப்புகள், தந்த பெயர்கள் மட்டுமே சொந்த எழுத்தில் தெரியும். மேல்நிலை டொமைன்கள் நூற்றுக்கணக்கில் பெருகப்போகும் நிலையில் அந்தப் பட்டியல் தாங்காது என்பதால், 2013இல் ஃபயர்ஃபாக்ஸ் 22 எழுத்துக் கலப்பைச் சோதிக்கும் முறையைச் சேர்த்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7 பயனரின் மொழிப் பட்டியலைப் பார்த்தது. தொடக்கத்தில் குரோமும் அப்படித்தான். இந்த வழி எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. ஆங்கிலம் மட்டும் அமைத்திருப்பவர் கணினியில் தமிழ்த் தளத்தின் பெயர் குப்பைக் குறியீடாகத் தெரியும். பக்கத்து இருக்கையில் அதே பெயர் தமிழில் தெரியும். ஒரு முகவரி ஆளுக்கு ஆள் மாறித் தெரிந்தால் அதை யாரிடமும் சொல்லிக்கொடுக்க முடியாது. 2016இல் குரோம் 51 அதைக் கைவிட்டது. சஃபாரி எழுத்துமுறை அளவிலேயே பட்டியல் வைத்தது. லத்தீனோடு குழம்பக்கூடிய சிரிலிக், கிரேக்கம், செரோக்கி ஆகியவை அதில் இல்லை. எனவே அவை குறியீடாகவே தெரிந்தன. செங்கின் பக்கம் சஃபாரியில் எடுபடாததற்குக் காரணம் இந்த முரட்டு விதிதான். அதற்கு விலை கொடுத்தது, நேர்மையாகத் தம் மொழியில் பெயர் வைத்த ரஷ்ய, கிரேக்கத் தளங்கள்.

இப்போது குரோம் செய்வதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். எட்ஜ், பிரேவ், ஓபரா போன்றவையும் குரோமின் திறந்தமூல அடித்தளமான குரோமியத்தின் மேல் கட்டப்பட்டவை என்பதால் பெரும்பாலும் இதே விதிகளைத்தான் பெறுகின்றன.

பெயரின் ஒவ்வொரு பகுதியும் தனியாகச் சோதிக்கப்படும். பதிவு செய்த பெயரை மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பதிவகத்தின் விதி பாய்வது விற்கப்படும் பெயரில் மட்டும். அதற்கு முன்னால் வரும் துணைப்பெயர்களில் உரிமையாளர் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 2009இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக் செய்துகாட்டியது இதைத்தான்: சாய்கோடு போலவே தோன்றும் யூனிகோட் குறியைத் துணைப்பெயருக்குள் வைத்தால், ‘வங்கி டாட் காம், சாய்கோடு, உள்நுழைவு’ என்று படிக்கும் முழுத் தொடரும் உண்மையில் வேறொருவரின் டொமைனுக்கு முன்னால் ஒட்டிய துணைப்பெயராகிவிடும். அதனால்தான் சாய்கோடு, புள்ளி, வினாக்குறி போன்றவற்றின் சாயல் உள்ள குறிகள் உலாவிகளின் தடைப்பட்டியலில் இருக்கின்றன. சில ஜப்பானியக் கட்டகனா எழுத்துகள்கூடச் சாய்கோட்டைப் போல இருப்பதால், சுற்றிலும் ஜப்பானிய எழுத்து இல்லாமல் அவை தனியாக வந்தால் குரோம் ஏற்பதில்லை.

அடுத்தது எழுத்துக் கலப்பு. யூனிகோடின் பாதுகாப்பு ஆவணமான யுடிஎஸ் 39 பல கட்டுப்பாட்டு நிலைகளை வரையறுக்கிறது. ‘மிகக் கட்டுப்பாடான’ நிலையில் ஒரு பகுதிக்குள் ஒரே எழுத்துமுறைதான் வரலாம். விலக்கு சீனம், ஜப்பானியம், கொரியத்துக்கு மட்டும். அம்மொழிகளின் எழுத்துகளோடு லத்தீன் கலக்கலாம். ‘மிதக் கட்டுப்பாட்டு’ நிலையில் லத்தீனோடு வேறொரு எழுத்துமுறை கலக்கலாம், சிரிலிக்கும் கிரேக்கமும் தவிர. குரோம் ‘மிகக் கட்டுப்பாடான’ நிலையைப் பின்பற்றுகிறது. நடைமுறையில் இதன் பொருள்: ஒரே பகுதிக்குள் பாதி தமிழ், பாதி ஆங்கில எழுத்து என்று பெயர் வைத்தால் அது குறியீடாகவே தெரியும். தமிழ்ப் பெயருக்குப் பின் புள்ளி வைத்து டாட் காம் வருவதில் சிக்கல் இல்லை, அவை வேறு வேறு பகுதிகள். 0 முதல் 9 வரையான இலக்கங்களும் சிறுகோடும் எல்லா எழுத்துமுறைக்கும் பொது. ஆனால் இரண்டு இலக்க முறைகளைக் கலந்தால், அதாவது தமிழ் இலக்கமும் வழக்கமான இலக்கமும் ஒரே பகுதிக்குள் வந்தால், அதுவும் குறியீடாகிவிடும்.

2005இன் பேபால் போலி இந்தக் கலப்புச் சோதனையிலேயே அடிபடும். செங்கின் பெயர் இதைத் தாண்டிவிட்டது. அது முழுக்கச் சிரிலிக், கலப்பே இல்லை. எனவே குரோம் 58 புதிய சோதனை ஒன்றைச் சேர்த்தது. லத்தீன் எழுத்தின் உருவத்தை அப்படியே கொண்ட சிரிலிக் எழுத்துகளுக்கு ஒரு தொகுப்பு. பகுதியில் உள்ள எல்லா எழுத்தும் அந்தத் தொகுப்புக்குள் அடங்கி, மேல்நிலை டொமைன் சிரிலிக் வழங்கும் இடத்தைச் சேராததாக இருந்தால், குறியீடாகக் காட்டு. அந்தத் தொகுப்பில் இல்லாத ஒரே ஓர் எழுத்து இருந்தாலும் பெயர் சிரிலிக்கில் தெரியும். பிற்பாடு ஆர்மீனியம், எத்தியோப்பியம், கிரேக்கம், ஹீப்ரு முதலிய எழுத்துமுறைகளுக்கும் இதே சோதனை விரிந்தது. மொசில்லா அப்போது இந்த வழியை ஏற்கவில்லை. லத்தீன் அல்லாத எழுத்துமுறைகளை இரண்டாந்தரமாக நடத்தக்கூடாது, இப்படிப்பட்ட பெயரை விற்காமல் தடுப்பது பதிவகத்தின் பொறுப்பு என்பது அதன் வாதம். கொள்கையாக அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏமாறுபவருக்குக் கொள்கை உதவாது. குரோமின் வழியே மேல் என்பது என் கருத்து.

எல்லாவற்றிலும் நுட்பமானது ‘எலும்புக்கூடு’ ஒப்பீடு. யூனிகோட் வெளியிடும் குழப்ப எழுத்துகளின் கோப்பில், ஒன்றுபோலத் தோன்றும் எழுத்துகள் எல்லாம் ஒரே முன்மாதிரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பெயரை எழுத்துகளாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத குறிகளை நீக்கி, மிச்சமுள்ள ஒவ்வொன்றுக்கும் முன்மாதிரியை இட்டால் கிடைப்பது எலும்புக்கூடு. இரண்டு பெயர்களின் எலும்புக்கூடு ஒன்றானால் இரண்டும் ஒத்த உருவம். ஆங்கில ‘எம்’முக்கு முன்மாதிரி ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் சேர்த்து எழுதிய வடிவம். இலக்கம் 1க்குச் சிறிய ‘எல்’. குரோம் இதோடு மேலே கீழே வரும் ஒலிக்குறிகளையும் களைந்துவிட்டு, உலகில் அதிகம் பார்க்கப்படும் சில ஆயிரம் தளங்களின் எலும்புக்கூடுகளுடன் ஒப்பிடுகிறது. பொருந்தினால் குறியீடு.

இந்த ஒப்பீடு அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான் காவல். சிறிய கூட்டுறவு வங்கி, உள்ளூர் மருத்துவமனை, தனிமனிதர் நடத்தும் கடை எதுவும் அந்தப் பட்டியலில் வராது.

2019 ஜூனில் குரோம் 75 இன்னோர் அடுக்கைச் சேர்த்தது. நீங்கள் அடிக்கடி போகும் தளத்தையோ பிரபலமான தளத்தையோ ஒத்த பெயரைத் திறந்தால், முழுப்பக்க எச்சரிக்கை வந்து, ‘நீங்கள் போக நினைத்தது இதுவா?’ என்று கேட்கும். ஓர் எழுத்து கூடியது, குறைந்தது, மாறியது எல்லாம் இதில் சிக்கும். ஐடிஎன்னுக்கே தொடர்பில்லாத, வெறும் ஆங்கில எழுத்துப் போலிகளையும் இது பிடிக்கும் என்பதால் நடைமுறைப் பயன் மற்றவற்றைவிட அதிகம்.

இனி தமிழுக்கு வருவோம். தமிழ்ப் பெயரைப் போல இன்னொரு தமிழ்ப் பெயர் வந்தால் மேலே சொன்ன சோதனைகள் என்ன செய்யும்? பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. எழுத்துமுறை ஒன்றுதான், கலப்பில்லை. லத்தீன் சாயல் இல்லை. பிரபலத் தளப் பட்டியலில் தமிழ் எழுத்துப் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது.

சில குழப்பங்களை யூனிகோடே தீர்த்துவைக்கிறது. ‘கொ’வை யு+0பிசிஏ என்ற ஒற்றைக் குறியால் எழுதினாலும், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டு குறிகளால் எழுதினாலும், இயல்பாக்கத்தின்போது (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒரே வடிவமாக்கும் படி) இரண்டும் ஒன்றாகிவிடும், டொமைனும் ஒன்றே. ‘ஔ’ அப்படியல்ல. அதன் முறையான பிரிப்பு ‘ஒ’வும், யு+0பிடி7 என்ற தனி ஔகார நீட்டக் குறியும். நம்மில் பலர் விசைப்பலகையில் அடிப்பதோ ‘ஒ’வும் ளகரமும். இயல்பாக்கம் இவற்றைச் சேர்க்காது. ஆகவே ஔகாரம் இட்ட ‘கௌரி’ ஒரு டொமைன். எகரக் கொம்போடு ளகரம் இட்ட ‘கெளரி’ இன்னொரு டொமைன். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றே போலிருக்கும். முதலாவதை ஒருவரும் இரண்டாவதை வேறொருவரும் வாங்கினால் எந்த உலாவியும் குறுக்கே வராது.

‘ஸ்ரீ’யில் இன்னும் மோசம். ஸகரம், புள்ளி, ரீ என்று எழுதலாம். 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை, அதாவது யு+0பிபி6ஐ, வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்கள் இரண்டுக்கும் அதே ஒற்றை வடிவத்தை வரையும். தமிழ் இலக்கங்களும் இப்படியே: ௧ என்பது ககரம்போல, ௭ என்பது எகரம்போல, ௮ என்பது அகரம்போல. இவை இலக்கம் என்பதால் டொமைனில் அனுமதிக்கப்பட்டவை; ௰, ௱, ௲ மூன்றும் 2010ஆம் ஆண்டு விதிகளின்படி செல்லாது. ரகரத்தின் அடியில் வால் இல்லாத எழுத்துருவில் ரகரமும் காலும் ஒன்று. ஐகாரமும் ஜகரமும் சின்ன அளவில் தடுமாற வைக்கும். மலையாளத்தின் உகரம், ஜகரம், ணகரம் தமிழ் எழுத்துகளுக்கு நெருங்கிய உருவம் கொண்டவை. ஆனால் அவற்றைத் தமிழோடு கலந்தால் கலப்புச் சோதனை பிடித்துவிடும்.

இங்கே உண்மையான காவல் பதிவகம்தான். மேல்நிலை டொமைன்களுக்காக, உலக டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு தமிழ் எழுத்து விதித்தொகுப்பு ஒன்றை வைத்திருக்கிறது. அதில் ‘ஸ்ரீ’யின் இரு வடிவங்களும் மாற்றுவடிவங்கள், ஒன்று ஒருவருக்குப் போனால் மற்றது வேறொருவருக்குப் போகாது. இரண்டாம் நிலைப் பெயர்களுக்கு (மேல்நிலை டொமைனுக்கு முன்னால் நாம் வாங்கும் பெயர்) அந்தந்தப் பதிவகம் வைத்திருப்பதே சட்டம். எனவே தமிழ்ப் பெயர் வாங்கும் முன் பதிவாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி விலையைப் பற்றியது மட்டுமல்ல: இந்தப் பெயரின் மாற்றுவடிவங்கள் தானாகத் தடுக்கப்படுமா, நானே தனியாக வாங்க வேண்டுமா?

பெயரைத் தேர்வு செய்யும்போதே தொல்லையைக் குறைக்கலாம். ஔகாரம், ஸ்ரீ, தமிழ் இலக்கம் மூன்றையும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முடியாவிட்டால் இரு வடிவங்களையும் வாங்கி, ஒன்றை மற்றதற்குத் திருப்பிவிடுங்கள். அதே பகுதிக்குள் ஆங்கில எழுத்தைக் கலக்காதீர்கள். வாங்கும் முன் அந்தப் பெயரை பியூனிகோடாக மாற்றிப் பார்த்து, 63க்குள் நிற்கிறதா என்று எண்ணுங்கள். வாங்கியபின் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் திறந்து, தமிழில் தெரிகிறதா என்று பாருங்கள். குறியீட்டு வடிவத்தையும் உங்கள் தளத்தில் எங்காவது எழுதி வையுங்கள். சந்தேகம் வந்தவர் ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் பிடி. வழங்கப்பட்ட சான்றிதழ்களைப் பதிந்துவைக்கும் சான்றிதழ் வெளிப்படைத்தன்மைப் பதிவேடுகள் எல்லோரும் பார்க்கக்கூடியவை. உங்கள் பெயரின் மாற்றுவடிவங்களுக்கு யாராவது சான்றிதழ் எடுக்கிறார்களா என்று அவற்றில் தேடலாம்.

தளத்தைப் பயன்படுத்துபவருக்கு ஒரு சோதனை. கணினி உலாவியில் எஃப்12 அழுத்தி, கன்சோல் பகுதியில் ‘லொகேஷன் புள்ளி ஹோஸ்ட்நேம்’ என்ற கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட்டால், முகவரிப் பட்டி எதைக் காட்டினாலும் உண்மையான குறியீட்டு வடிவம் வந்துவிடும். ஆங்கிலப் பெயர் என்று நினைத்த இடத்தில் எக்ஸ்என் என்று தொடங்கினால் அந்தத் தளத்தை மூடிவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் எல்லாப் பெயரையும் எப்போதும் குறியீடாகவே பார்க்க வேண்டுமானால், முகவரிப் பட்டியில் ‘அபவுட்: கான்ஃபிக்’ என்று இட்டு, எச்சரிக்கையை ஏற்று, ‘ஷோ பியூனிகோட்’ என்று முடியும் ஐடிஎன் அமைப்பைத் தேடி அதை ‘ட்ரூ’வாக மாற்றுங்கள். தமிழ்த் தளங்களின் பெயரும் அதோடு படிக்க முடியாமல் போகும் என்பதால், வேலை கணினியில் தவிர வேறெங்கும் இதை நான் பரிந்துரைப்பதில்லை.

கடவுச்சொல் நிர்வாகி இதைவிட நல்ல காவல். அது எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை. சேமித்த டொமைனும் இப்போதைய டொமைனும் குறியீட்டளவில் ஒன்றா என்று மட்டும் பார்க்கும். வழக்கமாகத் தானாக நிரப்பும் இடத்தில் அது நிரப்பாமல் இருந்தால், கடவுச்சொல்லை நகலெடுத்து ஒட்டாதீர்கள், பெயரை ஆராயுங்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாக வந்த பாஸ்கீ இன்னும் ஒரு படி மேலே: அது உருவாக்கப்பட்ட டொமைனைத் தவிர வேறெங்கும் வேலை செய்யாது, பயனர் ஏமாந்து சம்மதித்தாலும்.

மின்னஞ்சல் செயலியும் அரட்டைச் செயலியும் இணைப்பைக் காட்டும்போது உலாவியின் இந்தச் சோதனைகளைச் செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே சொந்த எழுத்தில் அழகாகத் தெரிந்த பெயர், உலாவிக்குள் திறந்ததும் எக்ஸ்என் என்று மாறினால், அதைப் பழுது என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். சோதனைகளில் ஏதோ ஒன்று அந்தப் பெயரை நிறுத்தியிருக்கிறது. எது நிறுத்தியது என்று தெரியும்வரை அந்தப் பக்கத்தில் எதையும் உள்ளிட வேண்டாம்.